அப்பாவைத் தலைகீழாகப் பறக்கவிட்டேன்

பிரிண்டரில் சிக்கிய தாளைக் கிழியாமல் இழுத்தெடுக்கத் தெரிந்த ஒருவர் எந்த ஆபீசிலும் இருப்பார். நாளடைவில் மற்றவர்கள் அவரைக் கம்ப்யூட்டர் நிபுணர் என்று நம்பத் தொடங்குவார்கள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த ஆளே அதை நம்பத் தொடங்கும்போதுதான் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து.

ஜித்ராவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் ஆபீசில் அந்த ஆள் நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த நம்பிக்கையோடு என் அப்பாவை விமானத்தில் ஏற்றித் தலைகீழாகப் பறக்கவிட்டேன். எங்கள் வீட்டுப் பின்னறையில்.

அப்பா பெயர் முத்து. பிறந்தது மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். இளவயதிலேயே வடக்கே வந்து, அலோர் ஸ்டார் விமான நிலையத்தில் புல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். ஓடுபாதையின் இரண்டு பக்கமும் புல். அந்த முனையை வெட்டி முடிப்பதற்குள் இந்த முனையில் வளர்ந்து நிற்கும். விமானம் வரும் நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு வாய்க்கால் ஓரமாகப் போய்க் குந்திக்கொள்ள வேண்டும். அது தலைக்கு மேலே போகும். "எனக்கு ஏரோப்ளேனோட வயிறு மட்டும்தாம்மா தெரியும், மூஞ்சி தெரியாது" என்பார். அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

என் தம்பி சுகுமாரன் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டது விமானப் பைத்தியத்தை மட்டும்தான். ஜொகூருக்கு வேலைக்குப் போவதற்கு முன், எங்களோடு இருந்த காலத்தில், பின்னறையில் ஒரு விமானி அறையையே கட்டிவைத்திருந்தான். பலகையை அறுத்துக் கறுப்புச் சாயம் அடித்து, எங்கேயோ நொறுங்கிப்போன வேனின் சீட்டைக் கொண்டுவந்து பொருத்தி, எதிரே மூன்று டிவிகளை மாட்டினான். நடுவில் பெரியது, இடமும் வலமும் சிறியவை. சீட்டில் உட்கார்ந்தால் மூன்று ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பதுபோல் இருக்கும். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு அது. ஆனால் விளையாட்டு என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். (ஒருமுறை சொன்னேன். இரண்டு நாள் என் சமையலைச் சாப்பிடவில்லை.)

அவன் போன சில மாதங்களில் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். சுகுவைப் பார்க்க வேண்டும், அதுவும் விமானத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். டிக்கெட் எடுத்தோம். வெள்ளையில் ஒரு முழுக்கைச் சட்டை தைத்தோம். பயணத்துக்குக் கடிதம் வாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது, மலாய்க்கார டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "தா போலே, பாக்சிக்." முடியாது ஐயா, மேலே போனால் உங்கள் மூச்சு தாங்காது.

திரும்பி வரும்போது அப்பா மடியில் இருந்த எக்ஸ்ரே உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். விமான நிலைய வேலி ஓரமாக வண்டி போனபோது மட்டும் வெளியே பார்த்தார்.

சுகுவிடம் சொன்னேன். டாக்டர் சொன்னதை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னான். பிறகு, "அக்கா, அப்பா நம்ம வீட்டுலயே பறக்கட்டும்" என்றான். அந்த வாரக் கடைசியில் பஸ் ஏறி வந்தான். அப்பா அப்போது மூச்சு முட்டி வார்டில் இருந்தார். காலையில் ஒருமுறை அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மிச்ச நாள் முழுக்கப் பின்னறையிலேயே கிடந்தான். போகும்போது கம்ப்யூட்டர் திரையில் 'அப்பா' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அழுத்தினால் விமானம் அலோர் ஸ்டார் ஓடுபாதையில் காலை வெயிலில் நிற்கும். அப்பா ஒரு கைப்பிடியை முன்னால் தள்ளினால் போதும். மற்றதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். ஜெராய் மலையைத் தாண்டி, மெர்போக்கை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, பினாங்கில் இறக்கிவிடும்.

"அக்கா, நீ ஒண்ணும் தொடாதே லா. சுவிட்சைப் போடு, அப்பா பேரை அமுக்கு. அவ்ளோதான்."

"எனக்குத் தெரியாதாடா? ஸ்கூல்ல இருபது கம்ப்யூட்டர் என் பொறுப்பு."

(பொறுப்பு என்றால், அந்த அறையின் சாவி என்னிடம் இருக்கும்.)

அப்பா வார்டிலிருந்து வந்தார். ஞாயிறு என்று நாள் குறித்தோம். எங்கள் பக்கம் ஞாயிறு வேலைநாள், நான் லீவு போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னறைக்குள் போனவள், பலகைமேல் விரலை வைத்துப் பார்த்தேன். தூசி. அப்பாவுக்குத் தூசி ஆகாது. அவ்வளவுதான், ஒரு துணியையும் வாளியையும் எடுத்தேன். என் வீட்டுக்காரர் சேகரையும் கூப்பிட்டு மூன்று டிவிகளையும் கழற்றி இறக்கச் சொன்னேன். இறக்கும்போதுதான் கவனித்தேன், நடு டிவி தலைகீழாக மாட்டியிருந்தது. கம்பெனிப் பெயர் தலைகீழாக, அதுவும் மேல்பக்கத்தில்.

"இந்தப் பையனுக்கு எதுலயும் அவசரம். இதைக்கூடப் பார்த்து மாட்டத் தெரியல பாருங்க" என்றேன்.

சேகர், "வேணும்னே மாட்டியிருப்பானோ?" என்றார்.

"டிவியை யாராவது வேணும்னு தலைகீழா மாட்டுவாங்களா?"

சுகு மாட்டியிருந்தான். அந்த டிவியின் கீழ்ப்பாகம் தடிமன். நேராகத் தொங்கவிட்டால் பலகையில் இடிக்கும். அதனால் தலைகீழாகத் தொங்கவிட்டு, படத்தைக் கம்ப்யூட்டருக்குள் திருப்பிவைத்திருந்தான். இது எனக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்றுதான் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் பெரிதாக ஓர் அம்பு வரைந்து, 'இது மேலே' என்றும் எழுதியிருந்தான். எழுத்துமேல் அடுப்படிப் புகையும் தூசியும் ஒட்டியிருந்ததில் நான் கறை என்று நினைத்தேன். சோப்புத் தண்ணீரால் துடைத்தேன், போகவில்லை. சாயத்துக்கு ஊற்றும் தின்னரைத் தொட்டுத் துடைத்தேன், போய்விட்டது.

பிறகு டிவியை 'சரியாக' மாட்டினோம். பலகையில் இடித்தது. கொஞ்சம் முன்னால் இழுத்து, இரண்டே திருகாணியில் நிறுத்தினோம். அன்று மாலை சுகு போன் செய்தான்.

"அக்கா, போட்டுப் பார்த்தியா? படமெல்லாம் சரியா வருதா?"

"எல்லாம் நீ வெச்சபடி அப்படியே இருக்குடா" என்றேன். கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு எரிவதை மட்டும் பார்த்திருந்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கெல்லாம் அப்பா தயார். அந்த வெள்ளை முழுக்கைச் சட்டை, வாரிய தலை, காலில் ஷூ. காலில் வீக்கம் இருந்ததால் சேகர்தான் குனிந்து மெதுவாக மாட்டிவிட்டார். அப்பாவோடு அத்தனை வருஷமும் புல் வெட்டிய பாக் மாட்டையும் வரச் சொல்லியிருந்தோம். அவர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போடும் பாஜு மலாயு உடையில், சொங்கோக் தொப்பியோடு வந்தார். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். "முத்து, என்னை விட்டுட்டுப் பறக்கலாமா? நான் ஜன்னல் சீட்" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்பாவால் அரைமணி நேரத்துக்கு மேல் நிமிர்ந்து உட்கார முடியாது. அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஆக்சிஜன் குழாயை நீளமாக இழுத்து, அவரை வேன் சீட்டில் உட்காரவைத்தோம். நான் சுவிட்சைப் போட்டேன். திரையில் முதலில் வந்த எழுத்துகள் நேராகத்தான் வந்தன. எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அடுத்த நொடி எல்லாம் புரண்டது. 'அப்பா' என்ற கட்டம் தலைகீழாக ஒரு மூலையில் கிடந்தது.

நான் அதை நோக்கி மவுஸை வலப்பக்கம் தள்ளினால் அம்பு இடப்பக்கம் ஓடியது. மேலே தள்ளினால் கீழே இறங்கியது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு மீசை மழிப்பவர்போல (எனக்கு அந்த அனுபவம் இல்லை, சேகர் சொன்ன உவமை) தட்டுத்தடுமாறி ஒருவழியாக அதை அழுத்திவிட்டேன். விமானம் வந்தது. காலை வெயிலும் வந்தது. வானம் காலடியில் கிடந்தது. ஓடுபாதை கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பாக் மாட்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"தெர்பாலிக் லா! முத்து, இது கப்பல் தெர்பாங்கா, கெலாவாரா?"

தலைகீழா இருக்கே, இது விமானமா வௌவாலா என்று கேட்கிறார். அப்பா கழுத்தைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, ஓடுபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். வேலைக்குப் போன இடத்தை மேற்பார்வையிடுகிறவர்போல நிதானமாகப் பார்த்தார்.

"புல்லெல்லாம் மேல இருக்கேம்மா" என்றார். "யாரு வெட்டுறது?"

பாக் மாட் தொப்பி கழன்று விழச் சிரித்தார். சேகர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அப்பா எங்களைச் சிரிக்கவைத்த மகிழ்ச்சியில் தானும் சிரித்து, அது இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

சுகுவைக் கூப்பிட்டேன். அவனுக்கும் அன்று வேலை, உள்ளே போகும்போது போனை வாங்கிப் பூட்டிய பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். பகல் ஒரு மணிக்குத்தான் கையில் கிடைக்கும். எனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே. படத்தைத் திருப்பும் இடம் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். அங்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று பெட்டிகள். நடு டிவிதானே பெரியது, அதுதான் ஒன்றாக இருக்கும் என்று அதைத் திருப்பினேன். இடப்பக்க டிவியில் நெல்வயல் செங்குத்தாக எழுந்து நின்றது. இப்படியே வைக்கவா, பழையபடி ஆக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. பதினைந்து நொடிக்குள் சொல்ல வேண்டுமாம். பதினான்கு, பதின்மூன்று என்று தலைகீழ் எண்கள் ஓடின. தலைகீழ் எழுத்து, எதிர்ப்பக்கம் ஓடும் மவுஸ், முதுகுக்குப் பின்னால் அப்பாவின் மூச்சுச் சத்தம். பழையபடி ஆக்கு என்று நினைத்து, இப்படியே வை என்பதை அழுத்தினேன்.

"விடும்மா" என்றார் அப்பா. "அது பாட்டுக்கு இருக்கட்டும். நேரமாவுது, போலாம்."

கைப்பிடியை அவரே முன்னால் தள்ளினார்.

விமானம் ஓடியது. கூரையில் ஒட்டியிருந்த ஓடுபாதை வேகமாக எங்கள் தலைக்கு மேல் ஓடி, சட்டென்று விலகி, உயர உயரப் போனது. அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நெல்வயல்களும் வாய்க்கால்களும் உச்சியில் தொங்கின. வலப்பக்க டிவி ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது. அதில் கடலைத் தவிர ஒன்றுமில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பாக் மாட் ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா தலையை முழுக்கத் தோளில் சாய்த்து, கன்னம் தோளில் அழுந்த, நேராகப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். மூக்கிலிருந்து குழாய் நழுவியது. நான் சரிசெய்தேன். மறுபடி சாய்ந்தார், மறுபடி நழுவியது.

"ஜெராய்!" என்றார் பாக் மாட்.

கூரையிலிருந்து மலை தொங்கியது. அப்பா அதைப் பார்க்க இன்னும் வளைந்தார். அந்த வளைந்த கழுத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டே திருகாணி. டிவியைத் திருப்பி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கு மூளை வேலைசெய்தது.

"என்னங்க, பிடிங்க. திருப்பிடலாம்."

"இப்பவா?" என்றார் சேகர்.

"வேணாம்மா" என்றார் அப்பா. "மெர்போக் வந்திடும். இப்படியே பாத்துக்கிறேன்."

நான் கேட்கவில்லை. ஒரு திருகாணியைக் கழற்றினேன். அடுத்ததைத் தொட்டதுமே அது தானாகக் கையோடு வந்துவிட்டது. சேகர் பிடித்துத்தான் இருந்தார். பின்னால் இருந்த வயர் குட்டை. அது ஒரு பக்கம் இழுக்க, டிவி இன்னொரு பக்கம் சாய, முதலில் பலகையில் மோதி, பிறகு அப்பாவின் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி முகம் குப்புற விழுந்தது. வயர்களெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்ததில் மற்ற இரண்டும் இருண்டன.

அப்பாவுக்கு அடிபடவில்லை. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். கால், கை, முகம், எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன்.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து விமானத்தின் உறுமல் வந்துகொண்டே இருந்தது. திரை இல்லாமலே அது போய்க்கொண்டிருந்தது. நான் சுவிட்சை அணைக்கப் போனேன்.

"அணைக்காதம்மா. கொஞ்சம் ஓடட்டும்."

கழுத்தை நேராக்கி, சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உறுமலின் தாளம் மாறியது. விமானம் திரும்புகிறது என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

"இப்ப மெர்போக் மேல இருக்கும்" என்றார்.

பாக் மாட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்பா தூங்கிப்போன பிறகுதான் அணைத்தேன்.

ஒரு மணிக்குச் சுகு கூப்பிட்டான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அப்பா படுத்தபடியே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"எல்லாம் தெளிவா தெரிஞ்சிச்சுப்பா. ஜெராய், கடல் எல்லாம். மெர்போக்கும் பாத்தேன். நம்ம லயம் இருந்த எடத்துல இப்ப செம்பனை மரமா நிக்குது. கோயில் அப்படியேதான் இருக்கு."

அவன் அந்தப் பக்கம் அழுதது எனக்கே கேட்டது. அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்பதுபோல என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டேன். மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் வார்டு. பிறகு அவர் வாயில் வேறு மாதிரிக் குழாய் வைத்துவிட்டார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை.

சுகு அந்தத் தடவை விமானத்தில் வந்தான்.

டிவியை நான் அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய கைலியைப் போட்டு மூடி வைத்திருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவெல்லாம் வந்திருந்தது. சாப்பாடு முடிந்து எல்லோரும் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது பாக் மாட், இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும் எண்ணத்தில், எழுந்து நின்று அந்த ஞாயிற்றுக்கிழமையை நடித்தே காட்டிவிட்டார். வௌவால், எதிர்ப்பக்கம் ஓடிய மவுஸ், செங்குத்தாக நின்ற வயல், எல்லாம். கடைசியில் அப்பாவின் குரலிலேயே, கழுத்தைச் சாய்த்து: "புல்லெல்லாம் மேல இருக்கேம்மா, யாரு வெட்டுறது?"

பந்தலே சிரித்தது. அழுது வீங்கிய முகங்களெல்லாம் சிரித்தன. சுகுவும் சிரித்தான். எல்லோரும் ஓய்ந்த பிறகும் அவன் ஓயவில்லை. பிறகு எழுந்து பின்னறைக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன்.

அவன் அலமாரிக்குப் பின்னால் கையைவிட்டுக் கைலியை விலக்கிப் பார்த்தான். கண்ணாடி சிலந்தி வலையாக விரிந்திருந்தது. டிவியைத் திருப்பி, தின்னரில் வெளுத்துப்போன இடத்தை விரலால் தடவினான்.

"மெர்போக் பார்த்தாராக்கா?"

"இல்லடா."

அவன் வேன் சீட்டில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் இருண்ட டிவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு கிளிக்குதான்க்கா. ஒரு போன் போட்டிருந்தா..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "போனு என்கிட்ட இல்ல. பெட்டிக்குள்ள இருந்துச்சு." பிறகு நகர்ந்து சீட்டின் ஓரத்தில் எனக்கு இடம் விட்டான். ஒருவருக்குச் செய்த சீட்டில் இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது தலைகீழாகப் போனாலும் அந்த வாக்கியம்தான். சேகர் சட்டையைத் திருப்பிப் போட்டு வந்தாலும், சுகுவின் கல்யாணத்தில் வாசலில் பேனரைப் புரட்டிக் கட்டியபோதும், யாராவது ஒருவர் கழுத்தைச் சாய்த்து, "யாரு வெட்டுறது?" என்பார்கள். தீபாவளிக்குத் தீபாவளி கதை முழுசாக அரங்கேறும். ஆனால் எப்போதும் புல்லோடு நிறுத்திவிடுவோம். அதற்கு அப்புறம் நடந்ததை யாரும் சொல்வதில்லை, யாரும் சொல்லச் சொல்லிக் கேட்பதுமில்லை.

போன தீபாவளிக்குச் சுகுவின் மகள் கேட்டாள். நாலு வயது. எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "அப்புறம் தாத்தா எறங்குனாரா?" என்றாள்.

சுகு முறுக்குத் தட்டைப் பார்த்தான். சேகர் என்னைப் பார்த்தார். பாக் மாட் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இல்லம்மா" என்றேன். "அத்தை டிவியை உடைச்சிட்டேன்."

"எப்படி?"

"டமார்னு."

அவளுக்கு அதுதான் பிடித்துப்போனது. விழுந்து விழுந்து சிரித்தாள். அதுவரை சொன்னதில் எதற்கும் அவள் அப்படிச் சிரிக்கவில்லை. இப்போது ஜொகூரிலிருந்து வீடியோவில் வந்தாலே, சாப்பிட்டியா என்று நான் கேட்பதற்கு முன்னால், "அத்தை, டமார் சொல்லு" என்கிறாள். நானும் அடுப்படியிலிருந்து ஒரு மூடியை எடுத்துவந்து, தரையில் போட்டு, சத்தத்தோடு சொல்கிறேன். மெர்போக்கைப் பற்றி அவள் இன்னும் கேட்கவில்லை.